மகேந்திரகிரியும் இரு வல்லரசுகளும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பேருந்தில் ஏறி ஆரல்வாய்மொழியைத் தாண்டினால், முப்பந்தல் காற்றாலைகளுக்கு அப்பால் இடப்புறம் மகேந்திரகிரி மலை தெரியும். அதன் அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆனால் அமெரிக்கா ருஷ்யாவை நடத்திய விதத்துக்கும் இம்மலைக்கும் தொடர்புண்டு என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அண்மையில்தான் அறிந்தோம்.

கனமான செயற்கைக்கோளை மிக உயரத்தில் செலுத்தக் கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். அதில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் சேர்ந்து எரிகின்றன. ஹைட்ரஜனைத் திரவமாக வைத்திருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் தேவை. எரியும் அறையிலோ கடும் வெப்பம்! எனவே சில நாடுகளே இவ்வித்தையைக் கற்றிருந்தன.

1991 ஜனவரியில் நம் விண்வெளி நிறுவனம், எஞ்சின்களோடு அவற்றைச் செய்யும் நுட்பத்தையும் பெறுவதற்கு சோவியத் கிளாவ்காஸ்மாஸுடன் ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் நாடே சிதறிப்போயிற்று. 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் ஈராண்டுத் தடை விதித்தது. ஏவுகணை நுட்பம் பரவக்கூடாது என்று 1987-இல் சில நாடுகள் செய்துகொண்ட ஏற்பாட்டை அது காரணம் காட்டியது. புறப்படும் முன்புதான் எரிபொருள் நிரப்ப வேண்டிய இந்த எஞ்சின் போருக்கு உதவாது என்றது இந்தியா. "சண்டைக்குப் போகிறவன் அப்போதுதான் அடுப்பு மூட்டுவானா?" என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்டபோது வகுப்பே சிரித்தது.

1993 ஜூலையில் ருஷ்யா பணிந்தது. பணமுடையில் இருந்த அந்நாட்டுக்கு, விண்வெளி நிலையத்தில் கூட்டும், வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களை ஏவும் வியாபாரமும் தர அமெரிக்கா முன்வந்தது. பழைய பகைவனை ஒரு கையால் தடுத்து, மறு கையால் கூட்டாளியாக்கிய உபாயம் அது. சம்பளமின்றித் தவித்த ருஷ்ய விஞ்ஞானிகள் வேறு எவரிடமும் ஆயுத வித்தையை விற்றுவிடாமல் தடுக்கவும் அது உதவியது. அதை நாம் குறை கூற இயலாது. ஆனால் இடையில் அகப்பட்ட நமக்கு 7 எஞ்சின்கள் கிடைத்தன, செய்முறை கிடைக்கவில்லை.

நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் அவர்களே அப்போது கிரையோஜெனிக் திட்டத்தின் பொறுப்பாளர். 1994-இல் பொய்யான உளவு வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். அக்கைது தேவையற்றது என்று கூறி, 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இருபத்து நான்கு ஆண்டுகள்! எங்கள் வயதைவிட அதிகம்.

நாமே செய்த எஞ்சின் 2010 ஏப்ரல் 15-இல் முதன்முறை பறந்து தோற்றது; 2014 ஜனவரி 5-இல் வென்றது. 2023-இல் சந்திரயான்-3 விண்கலத்தைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினும் பேருந்திலிருந்து நாம் பார்க்கும் அதே மலையடிவாரத்தில் சோதிக்கப்பட்டதுதான்.