வேறு மலைக்குக் கட்டிய மூட்டை

தருமபுரி நகரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் வத்தல்மலை. கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடியைத் தாண்டிய உயரம். காபி, மிளகு, பலா, சில்வர் ஓக் மரங்கள்; இவற்றுக்கு நடுவே பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றியங்காடு என்று மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வந்த பிறகு இங்கே வெளியூர்க்காரர்களின் வரத்து கூடிவிட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இதுபோன்ற பகுதிகளில் நடந்தே ஏற ஆசைப்படும் இளைஞர்களும் பெருகியிருக்கிறார்கள். அப்படி ஏறுகிறவர்களின் பையை அவிழ்த்தால் சிரிப்பை அடக்குவது சிரமம். வெயில் காலத்தில் பஞ்சு வைத்த ஜாக்கெட், கணுக்காலை மூடும் கனத்த தோல் பூட்ஸ், பாம்பு விஷத்தை உறிஞ்சும் பம்பு, நெருப்பு மூட்டும் கருவி, கையில் ஆடும் கேரி பேக்கில் சிப்ஸ் பாக்கெட்டுகள். தண்ணீர் மட்டும் ஒரே ஒரு லிட்டர். மறதியால் இப்படி ஆகிறது என்று நினைப்போம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர்கள் மிகவும் கவனமாகவே கட்டியிருக்கிறார்கள். வேறொரு மலைக்காக எழுதிய பட்டியலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கும் 'தி மவுண்டனியர்ஸ்' என்ற மலையேற்றச் சங்கம் 1930-களில் தன் மாணவர்களுக்காகப் பத்து அத்தியாவசியப் பொருள்களை வகுத்தது. 1974-இல் அது அவர்களது பாடநூலில் அச்சேறி, பிறகு உலகெங்கும் பரவியது. வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடி, கூடுதல் உடை, கூடுதல் உணவு, விளக்கு, முதலுதவிப் பெட்டி, தீப்பெட்டி, தீமூட்டி, கத்தி என்று போகும் அந்தப் பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லை. சியாட்டிலைச் சுற்றியுள்ள உயர்ந்த மலைகளில் கோடையிலும் பனி முழுதாக உருகுவதில்லை. வழி தவறி ஒரு இரவு வெளியே தங்க நேர்ந்தால் குளிரே ஆளைக் கொல்லும். கூடுதல் உடையும் தீமூட்டியும் பட்டியலில் ஏறியதற்கு அதுதான் காரணம். வத்தல்மலையின் கணக்கு வேறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். தருமபுரிக்கும் வத்தல்மலைக்கும் இடையிலான உயர வித்தியாசம் சுமார் ஐந்நூறு அறுநூறு மீட்டர்தான். நகரத்தில் 38 டிகிரி அடித்தால் மேலே 34 டிகிரி. அங்கே பஞ்சு ஜாக்கெட்டுக்கு என்ன வேலை? தீமூட்டியின் கதை இன்னும் மோசம். தமிழ்நாடு வனச் சட்டம், 1882, காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதைக் குற்றம் என்கிறது. ஓர் ஊரில் உயிர் காக்கும் பொருள், இன்னோர் ஊரில் வழக்கில் மாட்டிவிடும் பொருளாகிறது.

உடை விஷயத்தில் இந்த முரண்பாடு உச்சத்துக்குப் போகிறது. மேலைநாட்டு மலையேற்றக்காரர்கள் பருத்தியை எமனாகவே பார்க்கிறார்கள். பருத்தி நனைந்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்; குளிர்நாட்டில் உடம்பு அப்படியே விறைத்துப்போகும். அதே இயற்பியல் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் ஏறுகிறவனுக்கு வியர்வையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஆவியாக்கும் தளர்ந்த பருத்திச் சட்டை ஒரு குளிரூட்டிதான். நெருப்பையும் மறந்துவிட முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நம் இலையுதிர் காடுகளில் கோடை என்றாலே தீக்காலம். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் கருகும். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியான பருத்தியா, மெல்லிய பாலியெஸ்டரா என்று கேட்டால் இந்தக் காடுகளுக்கு என் விடை பருத்திதான். மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. அக்டோபர், நவம்பரில் நனைந்த சட்டையோடு மலைக்காற்றில் நின்றால் இங்கேயும் உடம்பு நடுங்கும். அதற்கு ஒரு ரெயின்கோட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு மாற்றுச் சட்டையும் போதும். மாதத்தைப் பார்த்துப் பையைக் கட்ட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கேள்வியும் சொல்கிறது.

எடை என்று வரும்போது எத்தனை கிலோ என்பதைவிட உடம்பில் எங்கே என்பது பெரிய கேள்வி. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களான சோல், கோல்ட்மேன் இருவரும் 1969-இல் இதை அளந்தார்கள். உடம்பு தன்னுடைய ஒரு கிலோவைச் சுமக்கச் செலவழிக்கும் சக்தியை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தலையில் வைத்த ஒரு கிலோவுக்கு 1.2 மடங்கு செலவாகிறது. கையில் தூக்கினால் 1.4 முதல் 1.9 மடங்கு, காலில் கட்டினால் 4.2 முதல் 6.3 மடங்கு. ஒவ்வோர் அடிக்கும் கால் நின்று, கிளம்பி, வேகமெடுத்து, மறுபடி நிற்கிறது. அதில் கட்டிய எடையையும் ஒவ்வொரு முறையும் வீசி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு ஜோடி தோல் பூட்ஸ் ஒன்றரை கிலோ, ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ அறுநூறு கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த வித்தியாசம் உடம்புக்கு நான்கு கிலோ போலத் தெரியும். பவர் பேங்கை எடுப்பதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் காலணியை ஒருநாளும் தராசில் வைப்பதில்லை. கேரி பேக்கும் அப்படித்தான். கையில் தொங்குவதால் செலவு கூடுவது ஒருபக்கம். தடுக்கி விழும்போது ஊன்றுவதற்குக் கை இல்லாமல் போவது இன்னொரு பக்கம். அதை எட்டிப் பறிக்கக் குரங்குகள் காத்திருப்பது தனி.

கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் என்ன செய்வது, உயர்ந்த பூட்ஸ் காப்பாற்றுமே என்பார்கள். 1993-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் அறுநூறு பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், உயர்ந்த ஷூ அணிந்தவர்களுக்கும் தாழ்ந்த ஷூ அணிந்தவர்களுக்கும் சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆடுகளம் வேறு, கல்லும் முள்ளுமான மலைப்பாதை வேறு. அதனால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. பூட்ஸ் போட்டால் சுளுக்காது என்ற நம்பிக்கையை ஆட்டிவிட மட்டும் இது போதும்.

பாம்பு என்ற பயம் இதைவிட அழுத்தமானது, அதில் அர்த்தமும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மூடிய காலணியும் நீளக் கால்சட்டையும் டார்ச்சும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பயத்தை நம்பி விற்கப்படும் உறிஞ்சு பம்பைப் பற்றி விஞ்ஞானம் தெளிவாகவே பேசியிருக்கிறது. 2004-இல் மருத்துவ ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் காலில் விஷத்துக்குப் பதிலாக அடையாளமிட்ட ஒரு திரவத்தை ஊசி மூலம் செலுத்தி, சில நிமிடங்களில் பம்பால் உறிஞ்சிப் பார்த்தார்கள். பம்பில் ரத்தம் கலந்த நீர் ஏறியது. செலுத்திய திரவத்தில் வெளியே வந்ததோ நூற்றுக்கு 0.04 பங்கு. விஷம் வெளியேறுகிறது என்று கண்ணுக்குக் காட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தை இந்தக் கருவி விழுங்கிவிடுகிறது. கத்தியால் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் இதைவிடக் கெடுதல். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து ஆளை விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் சிகிச்சை. பையில் இருக்க வேண்டியது அந்த மருத்துவமனை எங்கே என்ற தகவல். அதற்கு எடையே இல்லை.

பையிலேயே கனமான பொருள் தண்ணீர்தான். இடம் பற்றாமல் போகும்போது முதலில் வெளியே வருவதும் அதுதான். வெயிலில் மலையேறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்வையாக இழக்கும். அறுபது கிலோ ஆள் 1.2 லிட்டர் இழந்தாலே உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு போய்விடும். அந்த அளவில் களைப்பு கூடும், நிதானம் குறையும். நடக்க ஆகும் சக்திச் செலவு, உடம்பும் பையும் சேர்ந்த மொத்த எடைக்கு ஏறத்தாழ விகிதமாகவே உயர்கிறது. அறுபது கிலோ ஆள் பத்துக் கிலோ பையைத் தூக்கினால் ஆறில் ஒரு பங்கு அதிக உழைப்பு, அந்த அளவுக்கு அதிக வெப்பம், அதிக வியர்வை. மூன்று மணி நேர ஏற்றத்தில் அந்தச் சுமையே அரை லிட்டர்வரை வியர்வையைக் குடித்துவிடும். ஒரு ஜாக்கெட்டை எடுத்து வைக்கும்போது அது குடிக்கப்போகும் தண்ணீரையும் சேர்த்தே எடுத்து வைக்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. தண்ணீர் ஒன்றை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ, உப்புப் போட்ட நீர்மோரோ கூடவே வேண்டும்.

மலைவாழ் மக்கள் எவ்வளவு சுமக்கிறார்கள், நாம் பத்துக் கிலோவுக்குக் கணக்குப் பார்ப்பதா என்றும் ஒரு வாதம் எழும். கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையிலோ நெற்றிப்பட்டையிலோ சுமந்தும் கூடுதல் சக்தி செலவழிப்பதில்லை என்று 1986-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2005-இல் நேபாளச் சுமையாள்களை அளந்தபோது, ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் நூற்றுக்கு 93 பங்கு சுமந்து நடந்தார்கள். ஆனால் 2010-இல் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் செய்த சோதனையில், தலையில் சுமப்பதால் சக்தி மிச்சமாகும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பலன் இருந்தாலும் அது சிறு வயதிலிருந்து பழகிய உடம்புக்கு உரியது. வார இறுதியில் மட்டும் நடக்கிற உடம்பு அதைக் கடன் வாங்க முடியாது. மலைக்காரர்களிடம் கற்க வேண்டியது சுமக்கும் அளவை அல்ல, கட்டும் முறையை. தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக் கிராமத்துக்குச் சாலை இல்லாததால், 2019, 2021 தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. கழுதைச் சுமையை இருபுறமும் சமமாகப் பிரித்து, உடம்பை ஒட்டி, ஆடாமல் கட்டுவார்கள். ஒரு பக்கம் இறங்கினால் விலங்கு நகராது. மனித முதுகும் அதே இயந்திரவியலுக்குக் கட்டுப்பட்டதுதான்: கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும், இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும்.

தேவைக்கு மேல் இருந்தால் என்ன நஷ்டம் என்பதே கடைசியாக மிஞ்சும் கேள்வி. 1860 ஆகஸ்ட் 20-இல் மெல்போர்னிலிருந்து ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணக் குழு சுமார் 20 டன் பொருள்களோடு கிளம்பியது. அதில் சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், சமிக்ஞை ராக்கெட்டுகள், ஒரு சீனச் சேகண்டி எல்லாம் இருந்தன. மூட்டையின் கனமே பயணத்தைத் தாமதப்படுத்தியது. வழியெங்கும் பொருள்களைக் கழித்துக்கொண்டே போனார்கள். அடுத்த ஆண்டின் நடுவில் கூப்பர் கிரீக் ஓடையோரம் பர்க், வில்ஸ் இருவரும் இறந்தார்கள். அப்போது அவர்களுடைய உணவு நார்டூ என்ற நீர்ப்பெரணியின் மாவு. நம் வயல்வெளியில் முளைக்கும் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவு அது. அந்த மண்ணின் யாண்ட்ருவாந்தா மக்கள் அதை முறையாகப் பக்குவப்படுத்தி உண்பவர்கள். அந்தப் பக்குவம் தவறினால் அதிலுள்ள ஒரு நொதி உடம்பின் வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும்; அதுவும் சாவுக்குக் காரணமாகியிருக்கும் என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களோடு அந்த ஓடையோரம் இருந்து தப்பிய ஜான் கிங் அந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்.

உணவில் நமக்கு இரவல் பட்டியலே தேவையில்லை. நூடுல்ஸுக்கு நெருப்பும் தண்ணீரும் வேண்டும். இரண்டும் காட்டில் கிடைக்காதவை அல்லது கூடாதவை. நூறு கிராம் வேர்க்கடலையில் 560 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது, அப்படியே தின்னலாம். புளிச்சோற்றில் அமிலமும் எண்ணெயும் இருப்பதால் மதியம்வரை கெடாது. கட்டுச்சோற்றுக்கு அதைத் தேர்ந்த பாட்டிமார் நுண்ணுயிரியலை அனுபவத்தில் அறிந்தவர்கள். மற்றப் பொருள்களுக்கும் நம் ஊர்ப் பட்டியலே வேண்டும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 14 மாவட்டங்களின் 40 பாதைகளோடு தொடங்கியது. வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டுக்கும் கிழக்கு மலையின் காய்ந்த சரிவுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. பாதைக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று அந்தந்த ஊர் வழிகாட்டிகளை உட்காரவைத்தே எழுத வேண்டும்: எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எத்தனை லிட்டர் கீழிருந்தே தூக்க வேண்டும், எந்தச் சரிவில் நிழல் கிடையாது, பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர். வத்தல்மலை போல வெளியாள்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும் மலைகளில், கூட்டம் பெருகுவதற்கு முன்பே அந்தப் பட்டியல் அடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்பட வேண்டும்.