இரவல் அலையில் பேசும் கருவிகள்

வயலில் ஊன்றிய சிறு கருவியொன்று மண்ணின் ஈரத்தை அளந்து, வீட்டிலிருக்கும் விவசாயிக்குச் செய்தி அனுப்புமானால் எவ்வளவு நலம்! இத்தகைய கருவிகள் இன்று உள்ளன. ஆயினும், அவற்றுட் பல பாட்டரியை நம்பியே வேலை செய்கின்றன. பாட்டரி தீருந்தோறும் அதனை மாற்றும் செலவும் உழைப்பும் நம்முடையவையே.

இக்கருவிகளில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது எது? ஈரத்தை அளப்பதன்று, வானொலி அலையைப் புதிதாக உண்டாக்கி அனுப்புவதே. அலையை உண்டாக்காமலே பேச இயலாதா? சிறுவர்கள் கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கிச் சுவரில் வீசி விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒளி கதிரவனுடையது, கண்ணாடியை அசைப்பது மட்டுமே சிறுவன் வேலை. அதுபோலவே, வேறோரிடத்திலிருந்து வரும் அலையை இக்கருவி திருப்பியும் திருப்பாமலும் செய்தியாக்குகிறது. இதற்குப் பின்சிதறல் முறை என்று பெயர்.

1948-லேயே ஹாரி ஸ்டாக்மன் என்பார் இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 2013-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தார், டெலிவிஷன் நிலையத்தின் அலைகளையே இரவல் வாங்கி, பாட்டரியற்ற இரு கருவிகளைப் பேசவைத்தனர். ஆனால் திறந்த வெளியிலும் அப்பேச்சு எட்டியது சுமார் இரண்டரை அடியே!

காரணம் யாது? திரும்பும் அலை மிக மெலிந்தது. மூல அலையோ வலியது. மேளத்தின் அருகே முணுமுணுப்பவன் சொல் யார் காதில் விழும்? இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, திரும்பும் அலையின் சுருதியை மாற்றி, மூல அலையினின்று விலக்குதல். இரண்டாவது, செய்தியைச் சுருதி ஏறிச்செல்லும் சீழ்க்கைபோல் நீட்டி அனுப்புதல். இரைச்சலுக்கிடையிலும் சீழ்க்கை தனித்துக் கேட்குமன்றோ?

இவ்விரண்டையும் கையாண்டு, அப்பல்கலைக் கழகத்தார் 2017-ல் 'லோரா' பின்சிதறல் முறையை அமைத்தனர். அனுப்பும் நிலையத்துக்கும் வாங்கும் கருவிக்கும் இடையே 475 மீட்டர் இருந்தபோதும், நடுவில் எங்கு வைத்தாலும் செய்தி கேட்டது. நிலையத்தை ஒட்டி வைத்தபோது 2.8 கிலோமீட்டர் வரை எட்டியது. இதற்கென வகுத்த மின்சுற்றின் தேவை, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கூறிட்டால் 9.25 கூறே. ஓர் ஏக்கர் காய்கறித் தோட்டத்திலும் சோதித்துப் பார்த்தனர்.

குறையும் உண்டு. அலை தரும் நிலையம் ஒன்று வேண்டும். அதற்கு மின்சாரம் குறையாது. மெல்லச் செல்லும் செய்தியாதலால் ஈர அளவுக்குப் போதும், படத்துக்குப் போதாது. ஆயினும், ஒரு நிலையம் பல வயல்களின் கருவிகளுக்கு உதவும். எனவே, இத்தகைய கருவி நம்மிடம் விலைக்கு வருங்கால், அதன் விலையை மட்டும் கேளாது, 'அலை தருவது எது? எவ்வளவு தூரம் எட்டும்?' என்றும் கேட்போமாக.