சர்க்கரை நோயும் யூரிக் அமிலமும்

எங்கள் வகுப்பு மாணவியருள் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பணிபுரிகின்றனர். சர்க்கரை நோய் எங்கள் இல்லங்களுக்குப் புதியதன்று. இரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அச்சீட்டின் அடியில் 'யூரிக் அமிலம்' என்றொரு வரி சில வேளைகளில் இருக்கும். அது என்ன சொல்கிறது?

உடலின் உயிரணுக்கள் அழியும்போதும், ஈரல், நெத்திலி போன்றவற்றை நாம் உண்ணும்போதும், பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. ஷீலே என்ற வேதியியல் அறிஞர் 1776-இல் சிறுநீர்க் கற்களிலிருந்து இதனைக் கண்டறிந்தார். பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இதனை மேலும் சிதைக்கும் நொதி உண்டு, மனிதனுக்கு இல்லை. ஆகவே ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்ற வேண்டியுள்ளது. 100 மில்லி இரத்தத்தில் சுமார் 7 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கச் செய்யும் அந்நோய்க்குக் 'கவுட்' என்று பெயர்.

சர்க்கரை நோயுடன் இதற்கு என்ன உறவு? இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் தொடக்கத்தில் பலருக்கு இன்சுலின் குறைவதில்லை. உடல் அதற்கு இணங்க மறுப்பதால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், வெளியேற வேண்டிய யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளுமாறு செய்கிறது. அளவு ஏறுகிறது. ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிச் சிறுநீரில் வழியத் தொடங்கிவிட்டால், அதனோடு யூரிக் அமிலமும் வெளியேறி அளவு இறங்கிவிடுகிறது! எண் குறைந்துவிட்டதே என்று வீட்டில் மகிழ்வோம்; உண்மையில் நோய் மிகுந்திருக்கும். பின்னர் சிறுநீரகமே பழுதுபட்டால் அளவு மறுபடியும் ஏறும். எனவேதான் மருத்துவர்கள் இந்த எண்ணைத் தனியே பார்ப்பதில்லை. சர்க்கரை, கிரியாட்டினின் அளவுகளுடன் சேர்த்தே பார்க்கின்றனர். (சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகள் சில யூரிக் அமிலத்தையும் குறைப்பது இக்காரணத்தால்தான்.)

எங்கள் பகுதிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பு உருக்கும் உலையருகே நிற்பவர்க்கு வியர்வை ஆறாய்ப் பெருகும். வேலை நடுவே தண்ணீர் குடிக்க நேரம் கிடைப்பதில்லை. உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் குறையும். யூரிக் அமிலம் தேங்கும். தாகத்துக்கு இனிப்புக் குளிர்பானம் குடித்தாலோ, அதிலுள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரை கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலமும் உண்டாகிறது. தண்ணீருக்கு நிகர் தண்ணீரே. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

விரல் வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இரவு வேலைக்குப் புறப்படுவோரை நாங்கள் அறிவோம். விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அம்மாத்திரைகளுள் பல, சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக் கூடியவை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை அளவு பார்த்து மாத்திரையும் இலவசமாகத் தருகின்றனர். விரல் வலியையும் அங்கே சொல்லலாம்.