தோகையும் துக்கியும்



நோட்டன் பிரிட்ஜிலே கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணையைச் சுற்றிலும் தேயிலைச் சரிவுகள் விரிந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களிலே முருகன் திருவிழாக் காலத்தில் மயிற்பீலி செருகிய காவடிகளைக் காணலாம். அதே தோட்டங்களில் மாலை வேளையில் வேதாகமம் வாசிக்கும் இல்லங்களும் உண்டு. அந்தப் பீலிக்கும் இந்த வேதாகமத்துக்கும் ஒரு சொல்லின் வழியாக உறவு உண்டென்று அறிஞர் பலர் கூறியுள்ளனர். அவ்வுறவு எத்துணை உறுதியானது என்பதை இன்று ஆராய்வோம்.

சாலொமோன் அரசன் கி.மு. 10ஆம் நூற்றாண்டில் எருசலேமில் ஆட்சி புரிந்தவன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவனுடைய கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றுடன் இன்னுமொரு பொருளையும் கொண்டுவந்தன என்று வேதாகமம் கூறுகிறது. எபிரேய மூலத்தில் அப்பொருளின் பெயர் ‘துக்கிய்யீம்’ என்பதாகும். ‘ஈம்’ பன்மை விகுதி. அதனை நீக்கினால் எஞ்சுவது ‘துக்கி’. இராஜாக்களின் முதற் புத்தகம் 10ஆம் அதிகாரத்திலும், நாளாகமத்தின் இரண்டாம் புத்தகம் 9ஆம் அதிகாரத்திலுமாக இரண்டே இடங்களில் இச்சொல் வருகிறது. வேறெங்கும் வாராமையால், இடம் நோக்கிப் பொருள் தெளிவது அரிதாயிற்று.

இலத்தீன் மொழிபெயர்ப்பு இதனை மயில் என்றது. நம் தமிழ் வேதாகமமும் மயில் என்றே வழங்குகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துக்கி என்பது தமிழ்த் ‘தோகை’யே என்றார்; உலகின் எழுத்துச் சான்றுகளில் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகலாம் என்றும் கருதினார். இலங்கையிலே 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தம் நூலில் இவ்வொற்றுமையை எடுத்துக்காட்டி, வேதாகமம் கூறும் தர்ஷீஸ் துறைமுகம் நமது காலியே எனவும் வாதித்தார்.

இக்கூற்றுக்குத் துணையாவன சில உண்டு. நீலமயிலின் இயற்கையான தாயகம் இந்தியத் துணைக்கண்டமும் இலங்கையுமே. தோகை என்னும் சொல் பீலியைக் குறிப்பதோடு நில்லாது, சினையாகுபெயராய் மயிலையும் குறிப்பது சங்கச் செய்யுள் வழக்கு. வணிகர் பாபிலோனுக்கு மயிலைக் கொண்டுசென்ற கதையொன்று பௌத்த ஜாதகக் கதைகளிலும் உள்ளது.

எனினும் தடைகளும் உள. எபிரேயச் சொல்லில் ககரம் இரட்டித்து ஒலிக்கிறது. தோகையில் அது தனித்து மெலிந்து ஒலிக்கிறது. நம் சங்கச் செய்யுட்கள் சாலொமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. இராஜாக்களின் புத்தகத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, அவ்விடத்தில் மயிலுமில்லை, குரங்குமில்லை. செதுக்கிய கற்களே உள்ளன. 20ஆம் நூற்றாண்டில் ஆல்பிரைட் என்னும் அமெரிக்க அறிஞர், துக்கி என்பது எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கின் பெயர் என்றார். தர்ஷீசையும் ஸ்பெயின் நாட்டில் தேடுவோர் பலர். இக்கால எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி!

ஒலி ஒத்தால் மட்டும் போதுமா? நம் தோட்டத்துச் சொல்லொன்றையே பாருங்கள். தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளை ‘லயம்’ என்கிறோம். அயலூர்ப் புலவர் ஒருவர் இதனைக் கேட்டால், இசையிலுள்ள லயத்தோடு பொருத்தி அழகான விளக்கமே தந்துவிடுவார். ஆனால் அது வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் நம் நாவில் திரிந்த வடிவம். இங்கு வாழ்ந்தவர் சான்று இருப்பதால் உண்மை தெரிகிறது. துக்கிக்கு அத்தகைய சான்று கூற அக்காலத்து மாலுமி எவரும் இல்லை.

ஆகவே, துக்கி நம் தோகையாக இருத்தல் கூடும், ஐயமற நிறுவப்பட்டதன்று. இவ்வாறு கூறுவதால் தமிழுக்கு இழுக்கு யாதுமில்லை. கடல் கடந்து வந்து, இம்மலைகளில் தம் உரிமையை நிலைநாட்ட ஆவணம் தேடி அலைந்த மக்களின் வழித்தோன்றல்கள், சான்றின் அருமையை நன்கறிவர். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் அந்நேர்மையை, நம் மொழிக்குப் பெருமை தேடும்போதும் நாம் கைவிடலாகாது. காவடியிலே மயிற்பீலி அசையக் காணும்போது அந்தப் பழங்கப்பல்களை நினைத்து மகிழ்வோம். கூடவே ‘இருக்கலாம்’ என்னும் ஒரு சொல்லையும் மறவாது சேர்த்துக்கொள்வோம்.