மண்ணில் புதைத்த பட்டு

1993ஆம் ஆண்டு. லண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பட்டு உடைகளை இரும்புத்தூளோடு சேர்த்துத் தோட்டத்து மண்ணில் புதைத்தார். வாரக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த பட்டு, தோண்டியெடுத்தபோது துரு ஏறிப் பழுப்பாகியிருந்தது. அவர் மேடையேற்றியது அதைத்தான். சைப்ரஸில் பிறந்த அந்த மாணவர் ஹுசேன் சலாயன். லண்டனில் பெயர்பெற்ற பிரவுன்ஸ் கடை, துருப்பிடித்த அந்த உடைகளைத் தன் கண்ணாடி முகப்பில் வைத்தது.

கேட்பதற்கு விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால், ஃபேஷன் கல்லூரிகள் இறுதியாண்டில் மாணவரிடம் எதிர்பார்ப்பது இத்தகைய துணிச்சலைத்தான். தலை முதல் கால் வரையிலான ஒரு முழு அலங்காரத்தை இத்துறையில் ‘லுக்’ என்பார்கள். ஒரு மாணவருக்குப் பெரும்பாலும் ஐந்தாறு லுக்குகள்தான் கிடைக்கும். மேடையில் சில நிமிடங்கள். அழகான ஆறு உடைகளைத் தைத்துவிட்டால் அது தொகுப்பாகிவிடாது. ஒரே எண்ணம் ஆறு உடல்களில் ஆறு விதமாக நடந்துவர வேண்டும்.

அந்த எண்ணம் எங்கிருந்தும் வரலாம். 1984இல் ஜான் கலியானோ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பகட்டு இளைஞர்களின் உடையிலிருந்து தன் இறுதியாண்டுத் தொகுப்பை எடுத்தார். பிரவுன்ஸ் அதை முழுமையாக வாங்கிக்கொண்டது.

எண்ணம் கிடைத்த பிறகு தொடங்குவது காடாத் துணியோடு மல்லுக்கட்டு. வரைந்த கோட்டுக்கும் தைத்த துணிக்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும். விலையுயர்ந்த துணியில் கத்திரி வைக்கும் முன், மலிவான காடாவில் வெட்டி, டம்மியில் போர்த்தி, குண்டூசி குத்திப் பார்ப்பார்கள். தோள் அரை அங்குலம் இறங்கினால் உடையின் தோரணையே மாறிவிடும். பிறகு ஆள்மேல் போட்டுப் பார்ப்பது: கை உயர்கிறதா? நடக்கும்போது கால் தடுக்குகிறதா? பிரித்து, மறுபடி வெட்டி, மறுபடி தைத்து என்று மாதங்கள் ஓடும். பார்வையாளர் காணாத இந்த உழைப்புதான் தொகுப்பின் உயிர்.

வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனைப் பற்றிச் சொல்லும்போது பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். 1992இல் அவருடைய முதுகலைத் தொகுப்பு, விக்டோரியா காலத்து லண்டனை நடுங்கவைத்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளைப் பற்றியது. உடைகளுக்குள் மனித முடியை வைத்தார் என்பதே அதிகம் பேசப்படுகிறது. ஆனால், அவர் பதினாறு வயதிலேயே ஆண்களின் கோட்டுத் தையலுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் தொழில் பழகியவர். முடியைப் பார்த்து அதிர்ந்தவர்களையும் மேற்கொண்டு பார்க்கவைத்தது அந்தக் கை பழகிய வெட்டுதான். பத்திரிகையாளர் இசபெல்லா ப்ளோ அந்தத் தொகுப்பு முழுவதையும் 5,000 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார்.

அதில் ஒன்று இளஞ்சிவப்பு சாட்டின் கோட்டு. அதன்மேல் அச்சான முட்கள், உடன் படித்த சைமன் அங்லஸின் கைவண்ணம். 2011இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மெக்வீன் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, 6,50,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த மாணவர் கோட்டும் அங்கே இருந்தது.