அத்தர்: இரு கரைகளின் மணம்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய பழையகாயல், அதன் தெற்கே காயல்பட்டினம், வடக்கே தூத்துக்குடி ஆகியவை முத்துக்குளித்துறை என வரலாற்றில் பெயர்பெற்ற கரையில் அமைந்த ஊர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் ‘காயல்’ துறைமுகத்தில் தங்கியதைக் குறிப்பிடுகிறார். கிஷ் தீவின் ஆட்சியாளர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி. குதிரை விற்க வந்தவர்கள் முத்து வாங்கித் திரும்பினர். சிலர் இக்கரையிலேயே நிலைத்தனர். அரபு நாட்டு உறவால் இக்கரையில் வேரூன்றிய வழக்கங்களுள் ஒன்று அத்தர் பூசுதல்.

‘இத்ர்’ என்னும் அரபுச் சொல்லுக்கு நறுமணம் என்பது பொருள். அதுவே நம் வழக்கில் அத்தர் ஆயிற்று. பூ, மரம், வேர், பிசின் ஆகியவற்றின் மணத்தை எண்ணெயில் இறக்கி வைப்பதே அத்தர். இதில் சாராயம் சேர்வதில்லை. மணப்பொருள்களை வாலையில் வடிக்கும் முறைகளைத் தொகுத்து, 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி என்னும் அறிஞர் அரபு மொழியில் தனி நூலே எழுதினார். இந்தியாவில் இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப்பிரதேசத்தின் கன்னோசி. அங்கே செப்புக் கலத்தில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே மற்றொரு கலத்திலுள்ள சந்தன எண்ணெயில் சென்று படியும். பூவின் மணம் விரைவில் கலைவது. சந்தன எண்ணெய் அதனைப் பிடித்து நிறுத்துகிறது.

அத்தரை முழுவதும் அரபு நாட்டுப் பொருளாகக் கருதுவது பொருந்தாது. அரபு மணப்பொருள்களுள் தலையாயது ‘ஊத்’. அச்சொல்லின் நேர்ப்பொருள் மரம் அல்லது கட்டை என்பதே. அது நம் இலக்கியங்கள் அகில் எனக் குறிக்கும் மணமரம். அரபுப் பாலைநிலத்தில் அது வளர்வதில்லை. அசாமிலும் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் வளர்கிறது. நலமுள்ள அகில்மரத்தின் கட்டை வெளிறியது, மணமற்றது. காயம்பட்ட மரத்துள் பூஞ்சை புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஊறிய கட்டையே மணப்பது. கீழ்க்கடல் வழியே அகிலும் சந்தனமும் கருப்பூரமும் கப்பல்களில் வந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மகளிர் தம் கூந்தலை அகிற்புகையில் உலர்த்துவதும் பழந்தமிழ் நூல்களில் பயின்று வரும் செய்தி. இன்றும் அரபு இல்லங்களில் ஆடைக்கும் கூந்தலுக்கும் ஊத் புகை ஊட்டி, அதன்மேல் அத்தர் பூசுகின்றனர். பல மணங்களைச் சேர்த்த எண்ணெயை அவர்கள் ‘முகல்லத்’ என்பர். ‘கலந்தது’ என்பது அதன் பொருள். கலவைச் சாந்து பூசிய நம் முன்னோருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

அத்தரைத் துய்ப்பதற்குப் பொறுமை வேண்டும். சாராயம் கலந்த வாசனைத் திரவம் விரைந்து ஆவியாகி, அறை முழுவதும் பரவும். எண்ணெய் அவ்வாறன்று. உடலின் வெப்பத்தால் மெல்லமெல்லக் கசிந்து, அருகில் வருவோர்க்கு மட்டுமே மணக்கும். ஆகவே நாடித்துடிப்பு உணரப்படும் மணிக்கட்டிலும், காதின் பின்புறத்திலும், முழங்கையின் உட்பக்கத்திலும் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி தொட்டு வைப்பர். பழகியவர்கள் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தித் தேய்ப்பதில்லை. வெள்ளாடையில் பட்டால் கறை படியும் என்பதால், அத்தர் தோய்த்த பஞ்சைக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் பெருநாளுக்கும் திருமணத்திற்கும் அத்தர் பூசிச் செல்வது இசுலாமியர் மரபு. விருந்தினரை வரவேற்கப் பன்னீர் தெளிக்கும் தமிழர் மரபுக்கு இது அயலானது அன்று.

வாங்கும்போது குப்பியை முகர்ந்த அளவில் முடிவு செய்தல் கூடாது. முதலில் எழும் மணம் சிறிது நேரத்தில் அடங்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தோலில் தங்கியிருப்பதே அந்த எண்ணெயின் இயல்பு. அணிந்தவரின் மூக்கு அம்மணத்திற்கு விரைவில் பழகிவிடுவதால், மணம் போய்விட்டதென்று எண்ணி மீண்டும் மீண்டும் பூசுவோரும் உளர். அவர்களின் அருகில் அமர்வோர் நிலை இரங்கத்தக்கது! அத்தரைத் தோலாக் கணக்கில் அளப்பது வழக்கம். ஏறத்தாழ 11.66 கிராம் கொண்ட இந்த இந்திய அளவை, வளைகுடா நாட்டு அத்தர்க் கடைகளிலும் வழங்குகிறது.

அத்தருக்கு வேண்டிய அரிய பொருளொன்றைக் கடலே கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. கடல்படு பொருள்கள் ஐந்து எனப் பழைய செய்யுள் ஒன்று எண்ணும்போது, சங்கு, பவளம், முத்து, உப்பு ஆகியவற்றோடு ஓர்க்கோலையையும் சேர்க்கிறது. ஓர்க்கோலை என்பது மீனம்பர். அரபியில் ‘அன்பர்’. கணவாய்களை உண்ணும் எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, வெளியேறிக் கடலில் நெடுங்காலம் மிதந்து, வெயிலிலும் உப்புநீரிலும் பதப்பட்டு மணம் பெறுவது. இதனைத் திமிங்கலத்தின் வாந்தி என வழங்குவது முற்றும் பொருந்தாது. மற்ற மணங்களை நெடுநேரம் நிலைக்கச் செய்யும் ஆற்றல் இதற்கு உண்டு. அதனாலேயே விலை மிகுதி. விலை மிகுதியால் கடத்தலும் மிகுதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இதனை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இலங்கைக்குக் கடத்த முயன்றதாகத் தூத்துக்குடிக் கரையில் பலமுறை இது கைப்பற்றப்பட்டுள்ளது.

அகிலின் நிலையும் கவலைக்குரியது. பிசின் உள்ள மரம் எதுவென வெளியிலிருந்து எளிதில் அறிய முடியாததால், வெறும் மரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன. அசாமில் வளரும் அகில் இனத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இன்று அசாமிலும் திரிபுராவிலும் அகிலைத் தோட்டப்பயிராக வளர்த்து, பூஞ்சையைச் செயற்கையாகச் செலுத்திப் பிசின் பெறுகின்றனர். சந்தன எண்ணெயின் விலை உயர்ந்தபின், கன்னோசியில் பலர் அதற்கு மாற்றாகப் பாரஃபின் திரவத்தைப் பயன்படுத்துகின்றனர். மீனம்பரை ஒத்த மணம், கிளாரி சேஜ் என்னும் செடியின் சாற்றிலிருந்து வேதியியல் முறையில் ஆக்கப்படுகிறது. திமிங்கலத்தை நாடாமல் அம்மணத்தைப் பெற இது வழிசெய்கிறது. ஆயினும், ஆய்வகத்தில் உருவான எண்ணெயை ‘அசல் ஊத்’ எனப் பெயரிட்டு விற்பது வேறு செயல். உள்ளே இருப்பது இன்னதெனக் குப்பியின் மேல் எழுதப்பட்டால், வாங்குவோர் தாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்து வாங்குவர்.