காந்தம் சோராத வரை ஓடும்

லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை, 1938-ல் 'ஹார்ன்பி டப்ளோ' பொம்மை ரயிலைக் கடைகளுக்கு அனுப்பியது. தண்டவாளத்தின் அகலம் வெறும் 16.5 மில்லிமீட்டர். நிறுவனர் ஃபிராங்க் ஹார்ன்பி 1936-லேயே காலமாகிவிட்டார். அந்த எஞ்சின்களில் பல இன்றும் ஓடுகின்றன.

கைக்குக் கிடைத்த எஞ்சினின் வயதை எப்படி அறிவது? முதலில் மேலுடம்பைப் பாருங்கள். 'சர் நைஜல் கிரெஸ்லி' எஞ்சினில் 4498 என்ற எண் இருந்து, சக்கரங்களை மறைத்துப் பாவாடைபோல் தகடு இறங்கியிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. எண் 7, தகடும் இல்லை என்றால் பிந்தையது. நிஜ எஞ்சினுக்கும் இதுவே நடந்தது: போர்க்காலத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று தகட்டைக் கழற்றினார்கள், 1946-ல் எண்ணையும் மாற்றினார்கள்.

ஆனால் உடம்பின் வயதுதான் மோட்டாரின் வயது என்று நம்பிவிடக் கூடாது. இத்தனை வருடங்களில் யாரோ மோட்டாரை மாற்றியிருக்கலாம். மூடியைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். ஆரம்பகால மோட்டாரில் குதிரை லாடம்போல் வளைந்த காந்தம் இருக்கும். பின்னால் வந்தவற்றில் அல்நிகோ எனும் கலப்பு உலோகக் கட்டி.

காந்தம் சோர்ந்த மோட்டார் ஆளை ஏமாற்றும். சும்மா சுழலவிட்டால் முன்பைவிட வேகமாகவே சுற்றும். நாலு பெட்டி மாட்டினால் திணறும், தொட்டால் சுடும். காந்தப்புலத்தில் சுழலும் சுருளில் எழும் எதிர்மின்னழுத்தம்தான் மின்னோட்டத்துக்குக் கடிவாளம். காந்தம் தளர்ந்தால் கடிவாளமும் தளரும். மின்சாரம் கூடுதலாகப் பாயும், இழுவை மட்டும் வராது. இது தெரியாமல் நல்ல சுருளைப் பிரித்துப் பாழாக்குவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மற்றபடி வேலை எளிது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால், சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் கம்யூட்டேட்டரைத் துடைத்தால் மைபோல் கரி ஒட்டிவரும். அதன் துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவைப் பல்குத்தும் குச்சியால் வழித்தெடுங்கள்; அங்கே கரி அடைந்தால் மின்சாரம் குறுக்கே பாயும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சு சுழலும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. அதிகம் விட்டால் அது கம்யூட்டேட்டரில் போய்ச் சேர்ந்து கரியோடு குழையும்.

ஒரு வேண்டுகோள். அல்நிகோ மோட்டாரைச் சுத்தம் செய்கிறேன் என்று சுருள் சுற்றிய இரும்பான ஆர்மேச்சரை உருவிவிடாதீர்கள். நடுவிலிருந்த இரும்பு விலகியதுமே காந்தத்தின் பலம் குறைந்துவிடும். திரும்ப மாட்டினாலும் மீளாது, மறுபடி காந்தமேற்றத்தான் வேண்டும். எடுத்தே தீர வேண்டுமென்றால், காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்துவிட்டு உருவுங்கள்.